கொம்புக்கு ஒரு பசு

கேளுங்கள் மக்களே. கருங்குன்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தான். எந்தக் காலம் என்று சொல்ல இப்போது ஆளில்லை.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. சிலம்பாயி என்ற மாட்டுக்காரி, நீந்திப் பிழைக்கட்டும் என்று தன் ஏழு பசுக்களின் கயிற்றையும் அறுத்துவிட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை. கண்ணெதிரே வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று. அவளுக்கும் கண் தெரியாத மாமியாருக்கும் அந்தப் பால்தான் சோறு.

ராஜாவுக்கு மனம் இளகியது. செத்த மாட்டுக்கு ஈடாக அரண்மனைப் பசு கொடுக்கப்படும், மாட்டுக்கு ஒரு கொம்பு சான்றாகக் கொண்டுவர வேண்டும் என்று முரசறைந்தான். கொடுக்கும் பொறுப்பு ஏகாம்பரன் என்ற அதிகாரிக்கு வந்தது. அவன் திண்டில் சாய்ந்தவன் சாய்ந்தவன்தான். ஆற்றங்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சிலம்பாயி முதல்முறை போனாள். மாடே ஆற்றோடு போய்விட்டது, கொம்புக்கு எங்கே போவேன் என்றாள். கொம்பில்லாமல் வராதே என்றான்.

இரண்டாம் முறை, அறுத்த கயிறுகளை எடுத்துப்போனாள். கயிறு கொம்பாகாது என்றான்.

மூன்றாம் முறை, அண்டைவீட்டார் மூவரைச் சாட்சிக்கு அழைத்துப்போனாள். அவர்கள் மாடுகளும் ஆற்றில் போனவைதான். சாட்சிக்கு யார் சாட்சி என்று கேட்டுவிட்டு, ஏகாம்பரன் வெற்றிலை மடிக்கத் தொடங்கினான்.

மேட்டுத்தெரு நல்லணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொட்டகை இடிந்து அவனுடைய பத்து மாடுகள் செத்திருந்தன. இருபது கொம்புகளை வண்டியில் கொண்டுவந்து, இருபது மாடு என்றான். அதிகாரி எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது.

பசு வழங்கும் நாளில் ராஜாவே வந்தான், வாழ்த்துக் கேட்க. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிலம்பாயி நல்லணனுடைய கொம்புக் குவியலின் முன் உட்கார்ந்தாள். இடக்கொம்பு ஒன்றை எடுத்தாள். அதே வளையம், அதே கறுத்த நுனி உள்ள வலக்கொம்பைத் தேடி அதன் பக்கத்தில் வைத்தாள். பத்து ஜோடி ஆனது. குவியலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"மகாராஜா, இது பத்து மாட்டுத் தலை. மாட்டுக்கு ரெண்டு கொம்புன்னு உங்க அதிகாரிக்கு யாரும் சொல்லலை போலிருக்கு" என்றாள்.

நல்லணன் தரையைப் பார்த்தான். ஏகாம்பரனோ கொஞ்சமும் கூசாமல், "கொம்பு என்றுதான் ஆணை, மகாராஜா. எந்தப் பக்கத்துக் கொம்பு என்று அதில் இல்லை" என்றான்.

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆணை அவன் வாயால் வந்தது. வாழ்த்த வந்த புலவர்கள் சுவடியை மெல்லக் கட்டிவைத்தார்கள்.

பொய்க்கணக்குச் சொன்ன நல்லணனுக்கு ஒரு கன்றும் இல்லை என்றான் ராஜா. பிறகு அதிகாரியைப் பார்த்தான். "ஆற்றங்கரையில் வீடு வீடாகப் போய், காலித் தொழுவத்தைப் பார். பார்த்த கையோடு பசுவை நீயே ஓட்டிப்போய்க் கட்டு."

சிலம்பாயியின் ஏழு பசுக்களை ஏகாம்பரன் முழங்கால் சேற்றில் ஓட்டிவந்தான். அவள் ஒவ்வொன்றின் மடியையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்று வறட்டு மாடு.

"இதை மாத்திக்கிட்டு வாங்க, ஐயா" என்றாள். அவன் வந்த வழியே திரும்பி நடந்தான்.

நொந்தவர் வாசலுக்குப் போய்ப் பார்க்காமல், இருந்த இடத்திலிருந்தே சான்று கேட்பவன் கொடுக்கும் உதவி, பொய் சொல்லத் தெரிந்தவன் வீட்டுக்கே போய்ச் சேரும்.