குட்டியின் குரலில் கூப்பிட்டவன்

நல்லம்மையிடம் வந்து சேர்ந்தபோது கோவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மைக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. மலைமேல் ஒரு சுனைக்குப் பக்கத்தில் அவருடைய குடில் இருந்தது. ஏழெட்டுச் சீடர்கள் இருந்தார்கள். அவர்களில் கோவன்தான் மூத்தவன்.

எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. விறகு வெட்டினான். சுனையில் விழுந்த சருகை அள்ளினான். சோறு மட்டும் அவனுக்கு இறங்காது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

ஒரு வருஷத்துக்குமேல் இப்படியே போனது. ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை. பதினோராம் நாள் காலையில் மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. கோவன் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"தாயே, எனக்கு மௌன விரதம் கொடுங்கள்."

"எத்தனை நாளைக்கு, அண்ணா?"

"சாகிற வரைக்கும்."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"ஏன்?"

"என் வாய் கெட்ட வாய்."

"யாரைத் திட்டினீர்கள்?"

"திட்டவில்லை. கூப்பிட்டேன்."

அம்மை கீரையைத் தள்ளி வைத்தார்.

"சொல்லுங்கள்."

கோவன் சொன்னான்.

அவன் வேடன். மான் வேட்டையில் அவனுக்கு இணையாக அடிவாரத்து ஊர்களில் ஆள் கிடையாது. மற்றவர்களைப்போல நாயை விட்டு அவன் மானைத் துரத்த மாட்டான். புதருக்குள் உட்கார்ந்து ஓர் இலையை மடித்து உதட்டில் வைத்து, மான்குட்டி கத்துவதுபோல ஊதுவான். எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும் தாய்மான் ஓடி வரும். அம்பு எட்டுகிற தூரத்துக்கு வந்ததும் எய்துவிடுவான். முப்பது வருஷம் அப்படித்தான் வீட்டில் கறி கொதித்தது.

ஒரு பங்குனி மாதத்தில் புல்லுக்குள் ஏதோ அசைந்தது. அம்பு விட்டான். போய்ப் பார்த்தால் குட்டி. பிறந்து பத்து நாள்கூட இருக்காது.

"கறி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, தாயே. அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். மறுநாளும் அதே பக்கம்தான் போனேன். உட்கார்ந்து ஊதினேன். ஒரு பெண்மான் வந்தது. இடது காது கிழிந்திருந்தது. மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது."

"அந்தக் குட்டியின் தாயா?"

"அதேதான். வில்லை வளைத்தேன். எல்லா மானும் ஓரிடத்தில் நின்று மோப்பம் பிடிக்கும். எய்ய அதுதான் சமயம். இது நிற்கவில்லை. பத்தடி, ஐந்தடி என்று வந்துகொண்டே இருந்தது. நான் உட்கார்ந்திருந்த புதருக்குள் மூக்கை நுழைத்தது. அதன் மூச்சு என் கையில் பட்டது. சுட்டது."

"மனுஷ வாடை அதற்குத் தெரியவில்லையா?"

"தெரியாமல் இருக்காது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் போகவில்லை. கழுத்தை நீட்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. குட்டியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்ததோ என்னவோ."

கோவன் தரையில் கிடந்த கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டான்.

"அம்பைக் கீழே போட்டேன். அன்றோடு வேட்டையை விட்டேன். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை, தாயே. தினமும் காலையில் எழுந்து அங்கே போவேன். இலையை ஊதுவேன். அது வரும். பாறைமேல் உப்பு வைப்பேன். நக்கும். சுற்றிச் சுற்றிப் பார்க்கும். அப்புறம் போய்விடும். வந்து போகிறதே, அது போதும் என்று இருந்தது எனக்கு. பாவம் கொஞ்சம் கரைகிற மாதிரி இருந்தது."

"எத்தனை நாள்?"

"மூன்று மாசம். அதற்குள் மடி வற்றிவிட்டது. வற்றின பிறகும் வந்தது."

"எதற்காக வந்தது?"

"உப்புக்கு என்று நினைத்துக்கொண்டேன்."

"இப்போது என்ன நினைக்கிறீர்கள்?"

கோவன் மேலே சொன்னான்.

அவனுக்கு ஒரே மகள், மாதி. தாயில்லாமல் வளர்ந்தவள். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தான். ஆனி மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனான். பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு வேண்டும் என்று மருமகன் நஞ்சன் காட்டுக்குப் போய்க் கறி கொண்டுவந்திருந்தான். மாதியே எழுந்து வந்து அப்பனுக்குச் சோறு போட்டாள்.

"நீயும் நல்லாச் சாப்பிடுப்பா. ரொம்ப எளைச்சிட்ட" என்றாள்.

கோவன் சாப்பிட்டான். நஞ்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாமா, உங்களை மாதிரி இலை ஊதிப் பார்த்தேன். நீங்க போய் உக்காருவீங்களே, அந்தப் பாறைப் பக்கம்தான். ஊதின உடனே வந்துச்சு மாமா. என்னைப் பார்த்தும் ஓடலை. கையை நீட்டினாத் தொட்டுடலாம். அப்படி ஒரு மானை நான் பார்த்ததே இல்லை."

"காது?" என்று கேட்டான் கோவன்.

"இடது காது கிழிஞ்சிருந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுனையின் பக்கமாக ஒரு பறவை கத்திவிட்டு ஓய்ந்தது. கோவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வாயில் சோறு இருந்தது, தாயே. மகள் எதிரில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் துப்பவில்லை. விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள். போடு என்றேன்."

"அப்புறம்?"

"விடியும்போது எழுந்து நடக்க ஆரம்பித்தேன். இங்கே வந்து நின்றேன். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கியிருக்காவிட்டால், நஞ்சனைக் கண்டதும் அது ஓடியிருக்கும். குட்டியைக் கைதவறிக் கொன்றேன். தாயை உப்பு வைத்துக் கொன்றேன். இந்த வாய் இனி யாரையும் கூப்பிடக் கூடாது. அதற்குத்தான் கேட்கிறேன்."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மகளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள், அண்ணா?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"தேடியிருப்பார்களா?"

"நாலைந்து நாள் தேடியிருப்பார்கள். சிறுத்தை அடித்துவிட்டது என்று அப்புறம் விட்டிருப்பார்கள்."

"மாதி தேடியிருப்பாளா?"

கோவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விரதத்தைப் பிறகு பேசலாம்."

"ஏன் போனாய் என்று கேட்பாள், தாயே. என்ன சொல்லுவேன்? அவள் தின்றதும் அதே கறிதான்."

"அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள்."

அன்றே அவன் மலை இறங்கினான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தான். காலெல்லாம் முள் கிழித்த கோடுகள். அம்மை சூடாகக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவன் கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கிறாள்?"

"பாதியாகிவிட்டாள். பிள்ளை நடக்கிறான்."

மற்ற சீடர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"அவள் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள், தாயே. மஞ்சள் பூசி, பூ வைத்து, என் வில்லை அதன்மேல் சாய்த்திருந்தார்கள். எனக்கு நட்ட கல்தான் அது."

"ம்."

"பொழுது சாய்ந்ததும் விளக்கோடு வந்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக் கும்பிட வைத்தாள். 'எங்கே கிடக்கிறியோப்பா' என்று கல்லைப் பார்த்துக் கேட்டாள். 'எலும்பாவது எங்க கையில கிடைச்சிருக்கக் கூடாதா' என்றாள். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன்."

"உங்களைப் பார்த்து என்ன சொன்னாள்?"

"அவள் என்னைப் பார்க்கவில்லை."

"ஏன்?"

"பலாமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"விளக்கு அணைகிற வரைக்கும்."

அம்மை அவனையே பார்த்தார்.

"மாதி என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன், தாயே. கூப்பிட்டால் வந்துவிடுவாளே என்று பயமாக இருந்தது. இந்த வாயை நம்பி இன்னொரு உயிர் வந்து நிற்கிறதை என்னால் பார்க்க முடியாது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்."

சொல்லிவிட்டுக் கோவன் அழுதான். வந்த நாளிலிருந்து அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. அம்மை தடுக்கவில்லை. ஓய்ந்ததும் அவன் கையிலிருந்த கலயத்தை வாங்கினார். ஆறிப்போன கஞ்சியை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு துணியில் அவல் கட்டிக்கொண்டு வந்தார்.

"விடிந்ததும் கிளம்புங்கள்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

"போய் என்ன செய்வேன், தாயே?"

அம்மை அவல் முடிப்பை அவன் மடியில் வைத்தார்.

"மரத்தை விட்டு வெளியே வந்து, அவள் உங்களைப் பார்க்கிற இடத்தில் நின்று, உங்கள் குரலிலேயே கூப்பிடுங்கள்."