நடுச்சாலையில் ஒரு வாளித் தண்ணீர்

வண்டி நேராக ஓடுகிறதா என்று பார்க்கச் சடையப்பனிடம் ஒரு வழக்கம் இருந்தது. பட்டறைக்கு எதிரே உள்ள சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் விட்டு, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கோணாமல் சாலையோரத்து லாரி எடைமேடை வரை போனால் வண்டி சரி. சக்கரத்தை அளக்கும் மெஷின் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை அந்தச் சாலையுடையதுதான்.

இருபத்தேழு வருடம் லாரி ஓட்டியவர். முதுகு போனபின், ஐம்பத்திரண்டு வயதில், சக்கரம் நேர்செய்யும் தொழிலைப் பழக வந்தார். பட்டறை மரகதத்துடையது. அவளுக்கு முப்பத்துமூன்று. வயதில் அவர் மூத்தவர், தொழிலில் அவள் குரு. அவர் ‘அம்மணி’ என்பார். அவள் ‘அண்ணா’ என்பாள்.

அன்று காலை டிரைவர் பொன்னுரங்கம் வேனை நிறுத்திய விதத்திலேயே கோபம் தெரிந்தது. கொல்லிமலைப் பள்ளிக்கூடங்களுக்குத் தினமும் பதினோரு ஆசிரியர்களை ஏற்றிப்போகிற வேன். இடப்பக்கம் லேசாக இழுக்கிறது என்று போன வாரம் வந்தது. சடையப்பன்தான் வலது முன்சக்கரத்துக்கு ஒரு மெல்லிய தகடு கொடுத்து, சாய்வை மாற்றி அனுப்பினார்.

“மலையில வலப்பக்கம் இழுக்குதுங்க. நேத்து ஒரு வளைவுல பள்ளத்தைப் பார்த்துத் திரும்புச்சு. டீச்சருங்க அத்தனை பேரும் கத்திட்டாங்க.”

“நேராத்தானே ஓடுச்சு? வண்டி சரின்னு சீட்டே எழுதிக் கொடுத்தனே.”

“அந்தச் சீட்டுதான் என் கழுத்துக்கு வந்து நிக்குது. வண்டியில குத்தமில்லைன்னு பட்டறைக்காரனே எழுதிட்டான், அப்பக் குத்தம் உன் கையில, குடிச்சுப்போட்டு ஓட்டறேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நாளையிலிருந்து வேற ஆளாம்.”

“குடிச்சியா?”

“மலைக்குப் போற நாள்ல தொடறதில்லீங்க.”

“என்னைக்கு மலைக்குப் போகலை?”

“ஞாயித்துக்கிழமை.”

சடையப்பன் சிரிக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். நாற்பது. கைகள் மடிக்கு வந்தன. நூல் பிடித்த மாதிரி வேன் எடைமேடை வரை போயிற்று.

“பாத்தியா?”

பொன்னுரங்கம் தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டான். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

“அப்ப என் கைதானுங்களா?”

அந்தக் கேள்வி சடையப்பனை என்னவோ செய்தது. பொய் சொல்கிறவன் அப்படிக் கேட்கமாட்டான். ஆனால் வண்டியும் நேராக ஓடுகிறதே. நேரே மரகதத்திடம் போனார்.

“அம்மணி, வண்டி பொய் சொல்லுதா, இவன் சொல்றானா?”

“எங்க ஓட்டிப் பாத்தீங்க?”

“எப்பவும் பாக்கற இடத்துலதான்.”

அவள் பஞ்சர் பார்க்கும் தொட்டியிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு சாலைக்கு வந்தாள். ஒரு பஸ் கடந்துபோகும்வரை காத்திருந்தாள்.

சாலையின் இந்தப் பாதியில், வண்டிகள் மலையைப் பார்த்து ஓடுகிற இடத்தில் கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் தயங்கவேயில்லை. இடது ஓரத்தை நோக்கி ஓடி மண்ணில் இறங்கியது.

அந்தப் பாதிக்குப் போய் ஊற்றினாள். அது எதிர் ஓரத்துக்கு ஓடியது.

மிச்சத்தை நட்டநடுவில், வெள்ளைக் கோட்டின் மேல் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டாகப் பிரிந்து, பாதி இப்படியும் பாதி அப்படியும் போயிற்று.

சடையப்பன் குனிந்து தார் மேல் உள்ளங்கையை வைத்தார். தட்டையாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மலைவரை கிடந்த சாலை மொத்தமும் ஒரு பெரிய மிருகத்தின் முதுகாகத் தெரிந்தது. அதன் விலாவில்தான் இத்தனை வருடமும் ஓடியிருக்கிறோம் என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது.

“மழைத்தண்ணி நிக்கக் கூடாதில்லீங்களா? அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் சரிச்சுப் போட்டிருக்காங்க.”

“இருபத்தேழு வருசம் அம்மணி. ஒருநாளும் எனக்குத் தெரியலையே!”

“உங்க கைக்குத் தெரிஞ்சிருக்குதுங்கண்ணா. வலப்பக்கம் பிடிச்சுக்கிட்டேதான் வந்திருக்குது. உங்ககிட்டச் சொல்லலை, அவ்வளவுதான்.”

பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்து, “மலையில எப்படி ஓட்டுவீங்க?” என்றாள்.

“ஒத்தை வண்டி போற ரோடுங்க. நடுவுலதான்.”

“இங்கயும் நடுவுல விடுங்க. அண்ணா, நீங்களும் ஏறுங்க.”

முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம் பார்த்துக் கோட்டின் மேல் ஏற்றினான். நாற்பதில் கைகளை எடுத்தான். கயிறு கட்டி இழுத்ததுபோல வேன் வலப்பக்கம் பாய்ந்தது. வழியிலிருந்த சின்னப் பாலத்தின் கட்டைச்சுவர் அருகே வந்துவிட்டது. பொன்னுரங்கம் ஒடித்துத் திருப்பி நிறுத்தினான்.

“என் கை இல்லீங்க,” என்றான். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி மறுபடியும் சொன்னான். “என் கை இல்லீங்க.”

சடையப்பன் பின்னால் இருந்த காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு பேர். இறங்கியதும் ஜாக்கியை எடுத்தார். தான் வைத்த தகட்டைத் தானே உருவினார். மெஷின் காட்டிய அளவுக்கே சக்கரத்தைக் கொண்டுவந்தார். மறுபடி நடுவில் ஓட்டினார்கள். வேன் அசையாமல் போயிற்று. இடது பாதியில் ஓட்டியபோது மட்டும் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது.

“அது ரோட்டுச் சரிவு, அதுக்கு ஈடாத் தகடு வெச்சதாலதான் நடுவுல வலப்பக்கம் பாஞ்சுது. இருக்கட்டும்,” என்றாள் மரகதம்.

கையைக்கூடக் கழுவாமல் வேன் முதலாளி குழந்தைவேலுவைப் போனில் கூப்பிட்டார் சடையப்பன்.

“குத்தம் பொன்னுரங்கத்துக் கையில இல்லீங்க. நான் வெச்ச கோளாறு. அவன் பிடிச்சு ஓட்டினதாலதான் பதினோரு பேரும் வீடு வந்து சேந்திருக்காங்க.”

ஸ்பீக்கரில் குழந்தைவேலுவின் குரல் வந்தது.

“சரி, நாளைக்கு அவனையே வரச் சொல்லு. ஆனா ஒண்ணு கேக்கறேன்யா. வண்டி நேரா ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியே. அப்ப அது பொய்யா?”

சடையப்பன் தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார். அது பொய்யா என்று கேட்பதுபோல மரகதத்தைப் பார்த்தார்.

அவள் காலி வாளியைக் கையில் எடுத்தாள்.

“நெசந்தானுங்கண்ணா. எங்க இருந்து பாத்தீங்கங்கறதைத்தான் எழுதலை.”