கூழைக்கடா மேல் விழுந்த துடுப்பு

பதில் சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு நழுவ இந்தக் கதையில் வழியில்லை.

வெள்ளோடைக் குப்பத்தில் ஓடை கடலில் கலக்கும் இடத்துக்குக் கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக வரும். அவை எங்கே அலகை விடுகின்றனவோ அங்கே மீன் இருக்கிறது என்று பார்த்து வலை வீசிப் பழகிய ஊர் அது. அதனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பறவை மேல் கை ஓங்கியவர், ஆணோ பெண்ணோ, அதன் பிறகு கடலிலும் இறங்கக் கூடாது, ஓடையிலும் இறங்கக் கூடாது. தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? நினைவு தெரிந்தவரை யாரும் அதற்கு ஆளானதில்லை.

அந்த ஊரில் தேசிங்கு என்று ஒரு படகுக்காரன். மூக்கு நுனியில் கோபம், உள்ளே ஈர நெஞ்சு. அவன் தங்கை பூங்காவனம் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவள். கடைக்குட்டி வேதகிரிக்கு எதிலும் சட்டம்தான் பெரிது. ஊர்க் கட்டுப்பாடு என்றால் அட்சரம் பிசகக் கூடாது அவனுக்கு.

மழை விட்ட ஒரு காலையில், எங்கோ ஓர் ஆலையின் தொட்டி உடைந்து, ஓடை நிறையக் கறுப்பு எண்ணெய் வந்துவிட்டது. நண்டுகள் வளையை விட்டு வெளியேறி, கரையேற முடியாமல் குவியலாகச் செத்துக் கிடந்தன. அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் தார் பூசியதுபோல் ஆகிவிட்டது. மூவரும் படகில் சேற்றுத் திட்டுக்குப் போனபோது, கூழைக்கடாக்கள் இறக்கை உடம்போடு ஒட்டி, தலை தூக்க மாட்டாமல் கிடந்தன. ஒன்று வாயைத் திறந்தபோது தொண்டைப் பையிலிருந்து எண்ணெய் வழிந்தது.

பூங்காவனம் கையோடு ஒரு கேன் மண்ணெண்ணெய் கொண்டுவந்திருந்தாள்.

"வலைல தார் ஒட்னா இன்னாத்த போட்டு தொடைக்கிறோம்? கிருஷ்ணாயில்தான? தொடைச்சு வுட்டா பறந்துடும்ணா."

கட்டுமரத்துத் தாரோ, கையில் ஒட்டிய பெயின்ட்டோ, அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. படுத்துக் கிடந்த ஒவ்வொரு பறவையையும் மடியில் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றித் துடைத்தாள். வேதகிரி படகை விட்டு இறங்கவில்லை. தொட்டாலே வம்பு என்பது அவன் எண்ணம்.

கேன் காலியானதும்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் துடைத்த பறவை சேற்றில் தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தது. தோல் கொப்பளித்து, இறகுகள் தசையோடு கழன்று வந்தன. கண் இரண்டும் வெந்த முட்டைபோல் வெளுத்துவிட்டன. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. தொண்டையில் சத்தம் எழாமல் அத்தனையும் துடித்தன. பூங்காவனம் தன் கைகளைப் பார்த்து அலறினாள்.

தேசிங்கு துடுப்பை எடுத்தான்.

"ண்ணா, வாணாம்! கட்டுப்பாடு கீது!" என்று கத்தினான் வேதகிரி.

"இத்த பாத்துகினு சும்மா நிக்கச் சொல்றியா?"

முதல் அடியில் கழுத்து முறியவில்லை. இரண்டாவதில் முறிந்தது. தேசிங்கு குனிந்து, நெஞ்சில் கை வைத்து, உயிர் போய்விட்டதா என்று பார்த்தான். அழுதான். அடுத்ததை அடித்தான், குனிந்து பார்த்தான். கறுப்பு எண்ணெயில் ரத்தம் கலக்காமல் தனியாக ஓடியது. போகப் போக அவன் குனிவதை விட்டுவிட்டான். எண்ணெய் விட்ட ஆலைக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அடித்தான். கை அதுபாட்டுக்கு ஏறி இறங்கியது.

திட்டின் ஓரத்தில் கடைசியாக ஒன்று. மண்ணெண்ணெய் அதுவரை எட்டவில்லை. நெஞ்சுவரை எண்ணெய் படிந்திருந்தாலும் இரண்டு காலில் நின்றிருந்தது. தேசிங்கு கிட்டே போனதும் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கொத்தித் தோலைக் கிழித்தது.

"ண்ணா, அது நிக்குது பாரு!" வேதகிரியின் குரல் உடைந்தது.

துடுப்பு இறங்கியது. மறுபடி இறங்கியது. அலகு நொறுங்கி, தலை சேற்றோடு சேறான பிறகும் இறங்கியது.

வேதகிரி படகிலிருந்து குதித்து, மூங்கில் கழியால் அண்ணன் தோளில் ஓங்கிப் போட்டான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. தேசிங்கு எண்ணெயில் முகம் குப்புற விழுந்தான். பூங்காவனம்தான் முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள்.

சாயங்காலம் ஊர் கூடியது. பறவைகளை வேகவைத்தது பூங்காவனம் என்றார்கள் சிலர். அடித்துக் கொன்றது தேசிங்குதானே என்றார்கள் சிலர். இன்னும் சிலர், கைகட்டி நின்றுவிட்டு அண்ணனையே அடித்த வேதகிரிதான் பாவி என்றார்கள்.

எண்ணெய் விட்டவன்தான் குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது எனக்கும் தெரியும். அவன் மேல் வழக்கு வேறு. இங்கே கேள்வி இந்த மூவரைப் பற்றியது: ஊர்க் கட்டுப்பாட்டின்படி தண்ணீரை இழக்க வேண்டியவர் யார்?

விடை: தேசிங்கு. பூங்காவனம் பறவைகளைத் தொட்டது பிழைக்க வைக்கத்தான், கை ஓங்கி அல்ல. வேதகிரி ஓங்கியது மனிதன் மேல். அதைக் கட்டுப்பாடு கேட்காது. வெந்து துடித்தவற்றைத் தேசிங்கு குனிந்து பார்த்தும் பாராமலும் அடித்த அடிகளையும் நான் குற்றமாகக் கொள்ளமாட்டேன், அவை அந்த ஜீவன்களின் வேதனையை முடித்தவை. அவனைக் குற்றவாளி ஆக்கியது கடைசிப் பறவை. எண்ணெய் விட்டவன் மேல் இருந்த ஆத்திரத்தை அதன் மேல் தீர்த்துக்கொண்டான். ஊரார் தீர்ப்பு சொல்ல வாயெடுக்கும் முன்பே, தொங்கும் தோளோடு அவனே எழுந்து நின்று சொன்னான்: "சாவப் போறது கொத்தாது. அது என்னிய கொத்துச்சு. அது பொழைச்சிருக்கும்."