மச்சானுக்கு ஓர் அகப்பைக் கூழ்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உறுதி. ஆனால் இப்போதே தரமாட்டேன். கொஞ்சம் காத்திருங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், ஒரே ஆற்றின் கரைகளில் நான்கு நாடுகள் இருந்தன. அவற்றில் நெடுங்கரை நாட்டை மாறவேள் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நான்கு நாடுகளும் கூடி ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டில் பசித்துக் கிடந்தாலும், நோயில் விழுந்தாலும், அங்கே உள்ள சத்திரத்தில் கூழும் மருந்தும் உண்டு. நான்கு நாட்டுத் தானியமும் ஒரே பானையில் வெந்தது.

மாறவேள் சபையில் ஒரு வழக்கம். யாரும் ராஜாவை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தரையைப் பார்த்துத்தான் பேசவேண்டும். ராஜாவும் நேரே பேசமாட்டார். கட்டியக்காரன் காதில் கிசுகிசுப்பார், அவன் தூண் அதிர முழங்குவான். அரண்மனை நாவிதர்கூடக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் சவரம் செய்வார். அதனால் ராஜாவுக்கு ஒரு பக்க மீசை குட்டை. நான் சொன்ன சிரிப்பு இது இல்லை, பொறுங்கள்.

சத்திர அதிகாரி வீரசோமனுக்கு மந்திரி நச்செள்ளை மேல் தீராத வயிற்றெரிச்சல். உடன்படிக்கை அவள் யோசனை அல்லவா. ஒருநாள் சபையில் தரையைப் பார்த்தபடி மூக்கால் இழுத்து இழுத்துப் பேசினான்.

"மகாராஜாஆ, கண்ட நாட்டானும் நம்ம கூழைக் குடிக்கிறான். நம்மவன் யாருன்னு தெரிய வேண்டாமா? 'இவர் எங்க ஊர்க்காரர்'னு மூணு பேர் சொல்லட்டும். சொன்னால் கூழ். இல்லைன்னா நடையைக் கட்டட்டும்."

ராஜா கிசுகிசுத்தார். "அப்படியேஏஏ ஆகட்டும்ம்ம்" என்று கட்டியக்காரன் முழங்கினான்.

மற்ற மூன்று நாடுகளும் அதைப் பார்த்து அப்படியே செய்தன. அதில் மாட்டிக்கொண்டவர் எயினன், படகோட்டி. ஆற்றின் நடுவே படகிலேயே பிறந்தவர். எல்லாக் கரைக்கும் ஆள் ஏற்றியவர். இப்போது கை ஒடிந்து துடுப்புப் போட முடியவில்லை. இந்தக் கரையில் "நீ அக்கரையான்" என்றார்கள். அக்கரையில் "நீ இக்கரையான்" என்றார்கள். படகில் ஏறிய அத்தனை பேரும் கரையைத்தான் பார்த்தார்கள், ஓட்டுகிறவர் முகத்தை யார் பார்த்தது? மனைவி போனபின் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. சத்திரத்து வாசலில் கூழ் வாசனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நச்செள்ளை அதைப் பார்த்துவிட்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகாராஜா, கட்டியக்காரனைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள்."

அவன் போனான்.

"உங்களுக்கு மூன்று பேர் சாட்சி சொல்வார்களா?"

"எனக்கா? நாடே சொல்லுமே" என்றார் ராஜா. புழங்காத குரல்; பூட்டிக் கிடந்த கதவு மாதிரிக் கிறீச்சிட்டது.

"அப்படியானால் நாளைக்குக் கிரீடம் இல்லாமல், பழைய வேட்டியில் சத்திரத்துக்குப் போங்கள். ராஜா என்று மட்டும் சொல்லக் கூடாது. மூன்று பேர் சொல்லிவிட்டால் என் பதவி போகட்டும். சொல்லாவிட்டால் இந்த விதி போகட்டும்."

"தோற்க ஆசையா, நச்செள்ளை? நீயே ஒரு சாட்சி ஆயிற்றே."

"நான் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, மகாராஜா."

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்.

மறுநாள் வெறுங்காலோடு வரிசையில் நின்றார். தினமும் அவர் நாடி பிடிக்கும் வைத்தியர் அந்த வழியே வந்தார்.

"ஐயா, என்னைத் தெரிகிறதா?"

"வழி விடப்பா" என்று போய்விட்டார் வைத்தியர்.

பானையருகே அகப்பையோடு வீரசோமன்.

"எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்."

"எந்தத் தெரு?"

"அரண்மனைத் தெரு."

"அடேயப்பா. அந்தத் தெருவில் எனக்குத் தெரியாத நாய்கூடக் கிடையாது. உன்னை யாருக்குத் தெரியும்? கூப்பிடு."

ராஜா திரும்பிப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய குடிகள். ஒரு முகத்திலும் அவர் இல்லை. வெயில் ஏறியது. பசி என்பது இப்படித்தான் வரும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது வாசலோரம் ஒரு குரல். "அவரு என் மச்சானுங்க. எனக்குத் தெரியும்."

எயினன்தான். கூசாமல் பொய் சொன்னார்.

வீரசோமன் கொக்கரித்தான். "உன்னையே ஒருத்தனுக்கும் தெரியாது. நீ சாட்சியா?"

"சரி, விடுங்க. மச்சான், இப்படி வந்து உட்காருங்க. இங்கே கொஞ்சம் நிழல் இருக்கு."

ஒடிந்த கையை அணைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். ராஜாவை அதுவரை யாரும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்து பானையருகே வந்தார்.

"எனக்கு வேண்டாம். என் மச்சானுக்கு ஓர் அகப்பை ஊற்று."

"உத்தரவு போடுறது யாரு? மகாராஜாவா?" வீரசோமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வரிசையும் சிரித்தது. சிரித்த சிரிப்பில் அகப்பை நழுவித் தரையில் விழுந்தது.

எடுக்கக் குனிந்தான்.

எதிரே இரண்டு கால்கள். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த விரலைப் பார்த்துத்தான் அவன் இத்தனை காலமும் குழைந்தான், கோள் சொன்னான், இந்த விதியையே கேட்டு வாங்கினான். நாட்டில் வேறு எந்தக் காலையும் அவனுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியாது.

சிரிப்பு பாதியில் நின்றது. அகப்பையைத் தொட்ட கை அப்படியே இருந்தது.

"நிமிர்ந்து பார், வீரசோமா" என்றார் ராஜா. "பார்த்துவிட்டு ஊற்று. முதலில் மச்சானுக்கு."