தன் எடைக்குச் சாப்பிட்ட தவசி

அந்தி சாயும் நேரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கறுப்பாய், கோணல்மாணலாய், சத்தமே இல்லாமல் பறக்குமே, அதுகளை எண்ண முடியுமா?

மாடு, குருவியெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்த நாளில், தாழைமங்கலம் என்கிற நாட்டில் யாராலும் எண்ண முடிந்ததில்லை. கோயில் கோபுரத்துப் பொந்துகளிலிருந்து வவ்வால்கள் தவிட்டைக் கொட்டியதுபோலக் கொட்டும். பூவாயிக்கு அதுதான் நேரம் காட்டும் மணி. கோபுரத்து உச்சி விளக்கை ஏற்றிவிட்டு அவள் புருஷன் தவசி இறங்குகிற நேரமும் அதுதான். வவ்வால் கிளம்பிவிட்டதா, உலையை இறக்கு, தவசி வந்துவிடுவான்.

தவசி தங்கமான ஆள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் மட்டும் பச்சைப் பிள்ளை. "இதுல உப்பு இல்ல, அதுல உறைப்பு இல்ல" என்று முகத்தைச் சுளிப்பான். நாலு வாய் சாப்பிட்டதும், "போதும், வயிறு நிறைஞ்சிருச்சு" என்று எழுந்துவிடுவான். இடுப்புப் பிள்ளைக்கு ஊட்டி முடித்த கையோடு, "இன்னும் ஒரே ஒரு வாய், ராசா" என்று பூவாயி அவன் பின்னாலும் போவாள். ஊரே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எவ்வளவு நல்ல சாயங்காலங்கள் அவை!

அந்த நாட்டுக்குப் புகையூதி என்று ஒரு மந்திரவாதி வந்தான். "ராஜாவே, வவ்வால் அடைகிற கோபுரம் நாட்டுக்கு ஆகாது. பொந்துகளை அடைத்துவிடு" என்றான். ராஜாவும் தலையாட்டினார். புகைமூட்டம் போட்டார்கள், வவ்வால்கள் போயின. பொந்துக்குப் பொந்து கல்லை வைத்து அடைத்தார்கள். அப்புறம் என்ன? ஊரெல்லாம் கொசு, வயலெல்லாம் பூச்சி. புகையூதி மந்திரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மூட்டை நெல் கொடு, பூச்சி விரட்ட ஒரு பிடி புகை வாங்கிக்கொள்" என்று தெருத்தெருவாய்க் கூவினான்.

உச்சியில் ஒரே ஒரு பொந்து பாக்கி. அதற்குக் கல் வைக்கத் தவசி மறுத்துவிட்டான்.

"உள்ளே குட்டி போட்ட தாய் இருக்கு. மாட்டேன் சாமி."

"அவ்வளவு பாசமா? நீயும் வவ்வாலாகவே போ!" என்று புகையை ஊதினான் புகையூதி. "ஒரே அந்தியில் உன் எடைக்கு எடை தின்றால் மனுஷனாவாய். மூன்று அந்திக்குள் முடியாவிட்டால் பேச்சு மறந்து, பெயர் மறந்து, வவ்வாலாகவே கிடப்பாய். நாலு வாய்ச் சோற்றுக்கே மூக்கால் அழுகிறவனாச்சே நீ!"

கொட்டைப்பாக்கு கனம்கூட இல்லாத சின்ன வவ்வாலாகித் தவசி வீட்டுக்குப் பறந்தான், நடந்ததையெல்லாம் பூவாயியிடம் சொன்னான். குட்டியைச் சுமந்துகொண்டு தாய் வவ்வாலும் பின்னாலேயே வந்து பூவாயியின் மாட்டுக்கொட்டகையில் தொங்கியது.

முதல் அந்தி. பூவாயி ரசஞ்சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து விரல் நுனியில் ஊட்டினாள். தவசி முகத்தைச் சுளித்தான். துப்பிவிட்டான்.

"ஏண்டி, வவ்வாலுக்குச் சோறு ஊட்டுறியே, நல்லாயிருக்கா?" என்றது தாய் வவ்வால்.

"வேற எதை ஊட்டுறது அக்கா?"

"கொசு, அந்துப்பூச்சி, தத்துப்பூச்சி. நான் ஒரு அந்தியில கிளம்பினா என் எடைக்குத் தின்னுட்டுத்தான் திரும்புவேன்."

"உங்க எடைக்கா? தினமுமா?"

"பால் கொடுக்கிறவ பசி உனக்குத் தெரியாதா? எங்க கூட்டம் தின்னு தீர்க்கலேன்னா உங்க வயல்ல நெல்லு எங்கடி நிக்கும்?"

பூவாயி வாய்விட்டுச் சிரித்தாள். நடக்காத காரியம் என்று நினைத்துத்தானே அந்தப் புகையூதி சாபம் போட்டான்! வவ்வாலுக்கு அது அன்றாடச் சாப்பாடு என்று அவனுக்குத் தெரியவில்லையே!

இரண்டாம் அந்தி. "நீங்க அவரைக் கூட்டிட்டுப் போங்க அக்கா, பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் பூவாயி. வவ்வால் குட்டி தூளிக்கயிற்றில் தொங்க, தூளிக்குள் கிடந்த அவள் மகள் குஞ்சரம் அதைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. தவசியோ போன வேகத்தில் திரும்பினான்.

"உப்பில்ல, உறைப்பில்ல. ரெண்டு கொசு தின்னேன். போதும், வயிறு நிறைஞ்சிருச்சு."

மூன்றாம் நாள் பகலில் தவசி "பூ... பூ..." என்று இழுத்தான். அதற்கு மேல் அவள் பெயர் அவனுக்கு வரவில்லை. பூவாயி விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்தாள்.

மூன்றாம் அந்தி வந்தது. இடுப்பில் குஞ்சரம், முந்தானையில் தொற்றிய வவ்வால் குட்டி, கையில் விளக்கு. இப்படியே தன் வயல் வரப்பில் போய் நின்றாள். வெளிச்சத்தைக் கண்டு பூச்சிகள் மொய்த்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இது குஞ்சரத்துக்கு ஒரு வாய்!"

தாய் வவ்வால் ஒரு பக்கம் பாய்ந்தது. தவசி தயங்கித் தயங்கி ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்தான்.

"இது மாட்டுக்கு ஒரு வாய்! இது கன்னுக்கு ஒரு வாய்! இது கருகிப்போன நெல்லுக்கு ஒரு வாய்!"

பழகிய குரல், பழகிய பாட்டு. பாய்ந்தான், வளைந்தான், தின்றான். திடீரென்று வரப்போரத்து வேம்பில் போய்த் தொங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். தட்டைத் தள்ளிவிட்டுத் திரும்புவானே, அதே திருப்பல்! மேற்கே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

பூவாயி விளக்கை உயர்த்திப் பிடித்தாள்.

"இன்னும் ஒரே ஒரு வாய், ராசா. உலையை இறக்கி வச்சிட்டு உங்களுக்காகக் காத்திருப்பாளே ஒருத்தி, பேரு மறந்துபோன அந்தப் பொண்டாட்டிக்கு ஒரு வாய்."

வேம்பு அசைந்தது. விளக்கைச் சுற்றிய கொழுத்த அந்துப்பூச்சி ஒன்று காணாமல் போனது.

தொபுக்கடீர்!

"பூவாயி!" என்று சேற்றில் எழுந்து உட்கார்ந்தான் தவசி. "தூ, தூ! தண்ணி கொண்டா புள்ள!"

சாபம் முறிந்த அதே நொடியில் அரண்மனையில் புகையூதியின் பை வெடித்தது. புகை விலகியபோது தலைப்பாகை மட்டும் கிடந்தது. விடிந்ததும் ராஜா வந்து பார்த்தார். ஊர் வயலெல்லாம் பூச்சி அரித்துக் கருகிக் கிடக்க, இரண்டே வவ்வால்கள் மேய்ந்த பூவாயியின் வயல் மட்டும் பச்சென்று நின்றது. ராஜா வெட்கப்பட்டார். தானே கோபுரம் ஏறிக் கற்களைப் பிடுங்கிப் போட்டார். தாய் வவ்வால் போய்ச் சேதி சொல்ல, கூட்டம் திரும்பியது. அடுத்த போகம் களம் கொள்ளாத நெல்.

அதற்குப் பிறகு தவசி தட்டில் விழுந்ததை மிச்சம் வைத்ததில்லை. ஆனால் அந்தியானால் வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பான். விளக்கைச் சுற்றிக் காற்றில் வளைந்து வளைந்து பறந்த அந்த ஒரு சாயங்காலம் அவன் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. குஞ்சரத்துக்குக் கல்யாண வயது வந்த பிறகும், கோபுரத்திலிருந்து முதல் வவ்வால் கிளம்பியதும் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்வான்:

"பூவாயி, அந்த விளக்கைக் கொஞ்சம் வாசலுக்குக் கொண்டுவந்து வையேன். அவங்க சாப்பிட வர்ற நேரம்."