இட்லி இறங்காத அமலோற்பவம்

பல வருஷம் ஊரில் கிளினிக் நடத்திவிட்டு, நரைத்த தலையோடு மறுபடி படிக்க வந்தவர் தயாளன். அவருடைய குரு ரூபவதிக்கு அவரைவிட வயது குறைவு. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்த வித்தியாசமெல்லாம் காற்றில் பறந்துவிடும்.

அன்று காலை ஸ்லைடைப் பார்த்ததும் தயாளனுக்கு வாயெல்லாம் பல்.

"சுத்தம் மேடம்! மருந்துக்கு முன்னால அமலோற்பவத்தோட உணவுக்குழாய்ல ஈசினோபில் ஈசல் மாதிரி மொய்ச்சுது. இப்ப மருந்துக்குக்கூட ஒண்ணு இல்ல."

ஒவ்வாமை என்றால் படை திரட்டிக்கொண்டு வருகிற வெள்ளை அணுக்கள் அவை. பாலும் கோதுமையும் அமலோற்பவத்துக்கு ஆகாது.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றார் ரூபவதி.

தயாளன் குரலை மூக்குக்கு ஏற்றினார். "'இட்லி நெஞ்சுலயே நிக்குது டாக்டர்...' அத்தனையும் நடிப்பு மேடம். வீட்டுக்காரரே அப்படித்தான் சொல்றார். வெளியில உட்கார்ந்திருக்கார். 'ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், மருந்த நிறுத்திட்டு இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்'ங்கிறார். சொல்லிரட்டுமா?"

ரூபவதி சிரிக்கவில்லை.

"எடுத்த சதையில மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னொரு ஸ்லைடு போடச் சொல்லுங்க. சிவப்புச் சாயம் வேணாம். நீலம்."

"நாம எண்ணுறது ஈசினோபிலைத்தானே மேடம்? நீலத்துல அது தெரியாதே?"

"தெரியாது."

தயாளன் முணுமுணுத்துக்கொண்டே போனார். மத்தியானம் ஸ்லைடு வந்தது. குனிந்தவர் நிமிரவில்லை.

வயிறு முட்ட ஊதா மணிகளை அடைத்துக்கொண்டு வேறு அணுக்கள், அங்கங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வாமையை மூட்டிவிட்டு, அந்த வெள்ளைப் படையையே கூப்பிடுகிற அணுக்கள் அவை.

"மாஸ்ட் செல்..." என்றார் மெதுவாக. "இவ்வளவா? இதுங்க எப்ப வந்துது?"

"எப்ப தேடினீங்க?"

தயாளன் காலையில் பார்த்த ஸ்லைடை எடுத்து ஓரமாக வைத்தார்.

கதவைத் தட்டிவிட்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. அமலோற்பவத்தின் புருஷன். பின்னால் அவள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி.

"ஒண்ணுமில்லதான சார்? அப்ப நாங்க கிளம்பட்டா?"

தயாளன் குருவின் பக்கம் திரும்பினார். "என்ன மேடம் சொல்ல?"

"பந்தி கலைஞ்சிருச்சு, அடுப்பு இன்னும் அணையலன்னு சொல்லுங்க," என்றார் ரூபவதி.