முதல் ஆளின் இடம்

சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கடற்கரை ஊர். தோப்புக்குள் இருந்த குடிசையில் ஒரு பெண் துறவி. ஊர் அவரைச் சாமியம்மா என்று கூப்பிட்டது.

அவருக்கு ஒரே ஒரு சீடர், ரங்கநாதன். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். "பேரன் எடுத்தப்புறம் பள்ளிக்கூடமா?" என்று மீன்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்று அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, அஞ்சப்பன் விஷயத்தில் நான் தோற்றுப்போனேன்."

அந்த ஊரில் கரைவலை. கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஊரே கரையில் நின்று இழுக்கும். தென்கயிற்றின் முதல் ஆள் அஞ்சப்பன். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் கை ஒன்றாக விழும்.

புயலில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு அவர் வீட்டைவிட்டு வரவேயில்லை.

ஊர் நல்ல ஊர்தான். அவர் இடத்தில் மைத்துனன் வீரையனை நிறுத்தியது. அவருடைய பங்கு மீனைத் தினமும் வாசலில் கொண்டுபோய் வைத்தது. ரங்கநாதனும் தினமும் போய் ஆறுதல் சொன்னார்.

"டாக்டரிடமும் கூட்டிப்போனேன். மாத்திரை போட்டுத் தூங்குகிறார். ஆனால் நேற்று அவர் சம்சாரம் செண்பகம் அழுதது. 'அண்ணே, இவரைத் தனியா விட்டுட்டு ஒரு குடம் தண்ணிக்குப் போகவும் பயமா இருக்கு'ன்னு."

சாமியம்மா கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மாத்திரை இருக்கட்டும். நாளைக்கு முதல் ஆள் இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். மீனும் வாசலுக்குப் போக வேண்டாம்."

"காலியாகவா? கயிறு தொய்யுமே!"

"தொய்யட்டும்."

மறுநாள் காலை வீரையன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய் நின்றான். "மீன் தப்பிச்சுப் போனா சாமியம்மா தோப்புல விளையுமாக்கும்!"

சாமியம்மா ரங்கநாதனுடன் போய் அஞ்சப்பன் வாசல் மணலில் உட்கார்ந்தார். கதவுக்கு நேரே கடல். உள்ளே அஞ்சப்பன் சுவரில் சாய்ந்திருந்தார்.

வலை இழுபட்டது. வடக்கே கயிறு மளமளவென்று ஏறியது. தெற்கே ஒருவர் இழுக்க ஒருவர் விட்டார்.

"வடக்கு முந்துதே அஞ்சப்பா, ஏன்?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "தெக்க குரல் இல்ல."

"வீரையன் எங்கே?"

"பின்னாடி நிக்கிறான். முதல் இடம் வெறுமையா கிடக்கு."

சாமியம்மாவும் கடலையே பார்த்தார்.

வலையின் வாய் கோணியது. உள்ளே மத்தி மீன் கூட்டம் துள்ளிப் பளபளத்தது. கடற்காகங்கள் இறங்கின. கயிறு வெடுக்கென்று இழுத்ததில் வீரையன் ஈரமணலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

அஞ்சப்பன் எழுந்துவிட்டார்.

"டேய்! கயிறு இழுக்கிறீங்களா, கோலம் போடுறீங்களா?"

வேட்டியை மடித்துக் கட்டியபடியே ஓடினார். ஓடியவர் நேரே தண்ணீருக்குள் இறங்கினார். வெறுமையாய்க் கிடந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார்.

முதல் குரல் உடைந்து வந்தது. அடுத்த குரலில் தென்கயிறு விறைத்தது. அதற்கடுத்த குரலுக்கு வடகயிற்றுக்காரர்களே "ஐலசா!" என்று பதில் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட ஓடிவந்து கயிற்றில் தொற்றிக்கொண்டார்கள். வலையின் வாய் நேரானது.

மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறியபோது மத்தி குவியல் குவியலாகச் சரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அஞ்சப்பன் அழுதார். அழுதுகொண்டே வீரையனைத் திட்டினார். வீரையன் மணலைத் தட்டிக்கொண்டு சொன்னான்: "அத்தான், இன்னொரு வாட்டி திட்டுங்க. கேட்டு எத்தனை நாளாச்சு!"

செண்பகம் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். திரும்பித் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றைக்குப் பங்கு மீனை அஞ்சப்பனே கூடையில் சுமந்து வீட்டுக்குப் போனார்.

தோப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் ரங்கநாதனுக்கு ஒரே யோசனை.

"அம்மா, நான் சொன்னதில் என்ன குறை? 'கவலைப்படாதீங்க, நீங்க வராட்டியும் ஊர்ல எல்லாம் நல்லபடியா நடக்குது'ன்னு தினமும் போய்ச் சொன்னேனே!"

சாமியம்மா நடந்துகொண்டே சொன்னார்:

"சொன்னீர்கள். அவரும் நம்பிவிட்டார்."